தேயிலைப் பெட்டிகளின் உல்லாசப் பயணம்

"இந்த வருஷம் வீரபாண்டிக்கு என்ன புது ராட்டினம் வந்திருக்கிறது?"

சித்திரை முடியப் போகிற சமயத்தில், தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும், கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர்த் திண்ணையில் போய் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மனுக்கு எட்டு நாள் திருவிழா. அக்கினிச் சட்டி எடுப்பவர்களும், முடி இறக்குபவர்களும், அவர்களைப் பார்க்க வருபவர்களுமாக இராப் பகல் என்றில்லாமல் ஜனங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பெரியவர்களுக்கு அம்மன் தரிசனம் முதல், ராட்டினம் பிறகு. குழந்தைகளுக்கு இந்த வரிசை தலைகீழ். தேனிச் சாலையில் பஸ் திரும்பும்போதே தூரத்தில் ஒளிவட்டம் சுழல்வதைக் கண்டுவிட்டால், அப்புறம் அவர்களைச் சன்னிதிக்கு இழுத்துப் போவது அத்தனை சுலபமல்ல.

எங்கள் பக்கத்தில் ஊஞ்சலுக்குத் 'தூரி' என்று பெயர். நான் சின்னப் பிள்ளையாக இருந்த நாளில் நாலு மரத் தொட்டில்களை ஒரு சட்டத்தில் மாட்டி, கையாலேயே தள்ளிச் சுழற்றுகிற ராட்டினங்களைத் திருவிழாவில் பார்த்திருக்கிறேன். தள்ளுகிறவருடைய தோள் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் எங்கள் ஆகாயம். அதற்குப் பிறகு மோட்டார் ராட்டினம் வந்தது. கப்பல் மாதிரி ஆடுவது, தட்டு மாதிரி சாய்வது, தலைகீழாகத் தொங்கவிடுவது எல்லாம் வந்தன. லாரிகளில் துண்டு துண்டாக வந்து இறங்கும். சில நாட்களில் முழு உருவம் பெற்று நிற்கும். பொறியாளர்கள் வந்து பார்த்துச் சான்று தரவேண்டும். ராட்டினம் போடும் உரிமைக்கு ஏலம் உண்டு. ஏலத் தொகை பத்திரிகையில் வரும் அளவுக்குப் பெரியது. கடன் வாங்கி ஏலம் எடுத்தவர் எட்டு நாளைக்குள் அந்தப் பணத்தை ஐம்பதும் நூறுமாக எங்களிடமிருந்துதான் திரும்ப எடுக்கவேண்டும்.

ஒரு வருஷம், கூட்டம் குறைந்திருந்த பகல் நேரத்தில், ராட்டினக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பெரிய ராட்டினம்தானே உங்களுக்குச் சோறு போடுது, அண்ணே?"

"சோறு போடுறது அதுதான் சார். ஆனா ஆளை உள்ள கூட்டியாறது புதுசுதான். 'போன வருசம் இல்லாதது எது?'ன்னு கேட்டுக்கிட்டேதான் வாராக. புதுசுல ஒரு தரம் ஏறுவாக. அப்புறம் பழசுக்கே வந்துருவாக."

கோடிக் கணக்கில் பணம் போட்டு உல்லாசப் பூங்கா நடத்துகிற முதலாளிகள் பெரிய பெரிய அறிக்கைகளில் சொல்லும் விஷயமும் இதுதான். 'விஸ்தரிப்புத் திட்டம்' என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் கொச்சியில் வீகாலாந்து என்று ஆரம்பித்த நிறுவனம் வொண்டர்லா என்று பெயர் பெற்று, பெங்களூர், ஹைதராபாத், புவனேசுவரம் என்று விரிந்து, 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் வந்து சேர்ந்தது. அங்கே பிரதான வேடிக்கை, மேலே தண்டவாளமும் கீழே கால்கள் அந்தரத்தில் தொங்கும் இருக்கையுமாக ஓடும் ஒரு ரயில். பெயர் 'தஞ்சோரா'. பெயரில் தஞ்சாவூர் வாசனை வீசினாலும், செய்து கொடுத்தது ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி.

புதிய ராட்டினம் ஒன்று வேண்டுமானால் வெளி தேசத்துக் கம்பெனியின் படப் புத்தகத்தைத்தான் புரட்டவேண்டும் என்று நம்மில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த நினைப்பு எவ்வளவு தூரம் சரி என்பதைப் பார்க்கத்தான் இந்தச் சரித்திர ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கழுதையும் மாடும் வரப்போகின்றன.

முதலில் ராட்டினத்துக்கே வருவோம். பியத்ரோ தெல்லா வல்லே என்று ரோமாபுரிக்காரர் ஒருவர் 1615-ல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தில், ரம்ஜான் கொண்டாட்டத்தின்போது, ஜனங்களை உட்கார்த்தி மேலும் கீழும் சுழற்றும் பெரிய சக்கரம் ஒன்றில் ஏறிப் பார்த்துச் சந்தோஷப்பட்டு எழுதி வைத்திருக்கிறார். இந்த மனிதரே 1623-ல் நம் நாட்டுக்கு வந்து சூரத், கோவா எல்லாம் சுற்றினார். அவர் ஏறிய சக்கரம், நமது கைராட்டினத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சிக்காகோ நகரத்துப் பொருட்காட்சியில் 1893-ல் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்துக்குச் சக்கரம் நிறுத்தினார். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். உலகமே வாயைப் பிளந்தது. மூன்றே வருஷத்தில், 1896-ல், ஃபெர்ரிஸ் காலமானார். 1906-ல் அந்தச் சக்கரத்தை வெடி வைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக்கினார்கள். ஏலம் எடுத்து நஷ்டப்பட்ட வீரபாண்டிக்காரர்களுக்கு இந்தக் கதை ஓரளவு ஆறுதல் தரலாம்.

மேலே ஏறிச் சரிந்து பாயும் ரயிலின் கதை இன்னும் ருசியானது. அது பிறந்த இடம் விளையாட்டு மைதானம் அல்ல, நிலக்கரிச் சுரங்கம். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மலையில் மாச் சங்க் என்றோர் ஊர். அங்கே 1827-ல் சுரங்கத்து நிலக்கரியை ஆற்றங்கரைக்கு இறக்க ஒரு தண்டவாளம் போட்டார்கள். ஒன்பது மைல் சரிவு. எஞ்சின் கிடையாது, பூமியின் இழுப்பே போதும். காலி வண்டிகளை மேலே இழுத்துப் போகக் கோவேறு கழுதைகள் வேண்டும். அந்தக் கழுதைகளும் கரி வண்டிகளோடு ஒரு வண்டியில் ஏறிச் சவாரி செய்தே கீழே இறங்கும்! ஒரு தரம் அந்தச் சுகம் கண்ட கழுதை, அப்புறம் நடந்து இறங்கச் சொன்னால் அசையாது என்பார்கள். உலகத்தின் முதல் உல்லாசப் பிரயாணிகளில் அந்தக் கழுதைகளுக்கு ஓர் இடம் தரத்தான் வேண்டும். கழுதைகளைப் பார்த்துவிட்டு மனிதர்களும் ஏறிக்கொண்டார்கள். 1870-களில் நிலக்கரி வேறு வழியில் போகத் தொடங்கியபோது, அந்தப் பாதையை யாரும் பிடுங்கி எறியவில்லை. உல்லாசப் பிரயாணிகளுக்கென்றே ஓட்டினார்கள். தாம்ஸன் என்பவர் இந்த யோசனையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். 1884-ல் நியூயார்க்குக்குப் பக்கத்தில், கோனித் தீவில், மரத்தால் ஏற்ற இறக்கப் பாதை கட்டி, ஆளுக்கு ஐந்து சென்ட் வாங்கினார். வேகம் மணிக்கு ஆறு மைல்! இன்று சைக்கிளில் போகும் பையன்கூடச் சிரிப்பான். ஆனால் போட்ட முதல் சில வாரங்களிலேயே திரும்பி விட்டதாம்.

அடுத்தபடியாகச் சொல்லவேண்டியது டிஸ்னிலாந்து. 1955 ஜூலை 17-ல் கலிபோர்னியாவில் திறந்தார்கள். அடுத்த வருஷமே, ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றைக் கொண்டு, ஜனங்களை வாளி போன்ற தொட்டில்களில் உட்காரவைத்து இரும்பு வடத்தில் தொங்கவிட்டு, பூங்காவின் தலைக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அனுப்பினார்கள். பிறகு 1959 ஜூன் 14-ல் பெரிய விஸ்தரிப்பு நடந்தது. ஆல்ப்ஸ் மலைச் சிகரம் ஒன்றைப் பார்த்து 147 அடி உயரத்துக்குச் செயற்கை மலை எழுப்பினார்கள். அதற்குள்ளே வளைந்து பாய எஃகுக் குழாய்த் தண்டவாளம். ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில் ஒன்று. அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த நிக்ஸனே குடும்பத்தோடு வந்துவிட்டார். கம்பிவடமும் புது மலையைத் துளைத்துக்கொண்டு, ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறியது. மலை, மலை ரயில், ஒற்றைத் தண்டவாளம், கம்பிவடம். உலகத்தில் அதுவரை எவரும் கண்டிராத அதிசயங்கள் என்று பெயர் வாங்கின.

எவரும் கண்டிராத அதிசயங்களா? போடிக்குப் போகலாம், வாருங்கள்.

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலை அடிவாரத்தில் குரங்கணி, அதை அடுத்துக் கோட்டக்குடி. தலையை நிமிர்த்திப் பார்த்தால் மேலே மேகத்துக்குள் டாப் ஸ்டேஷன். 'ஸ்டேஷன்' என்கிறார்களே, இந்த மலை உச்சியில் எந்த ரயில் வரும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ரயில் வந்தது ஐயா, வந்தது! மூணாற்றுப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தேயிலை போட்ட காலம் அது. விளைந்த தேயிலையைச் சீமைக்கு அனுப்ப அவர்களுக்குக் கிழக்கு வழிதான் அப்போது வசதி: மலை விளிம்புக்குக் கொண்டுவந்து, போடிப் பக்கம் இறக்கி, மாட்டு வண்டியில் அம்மையநாயக்கனூர் ரயிலடிக்குச் சேர்த்து, தூத்துக்குடித் துறைமுகம். 1902-ல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் பாரத்தில் பெரும்பங்கு தண்டவாளத்தின்மேல் ஓடும் சிறு சக்கரங்களில் இறங்கும். பக்கவாட்டில் சாலையில் உருளும் ஒரு பெரிய சக்கரம் வண்டி சாயாமல் தாங்கிக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். டிஸ்னிலாந்தில் மின்சாரத்தால் ஓடிய சங்கதியை, 57 வருஷங்களுக்கு முன்னால் நம் மலையில் மாடுகள் அசை போட்டுக்கொண்டு நடத்தியிருக்கின்றன.

மாட்டுக்குப் பதில் 1908-ல் நீராவி எஞ்சின் வந்தது. இரண்டடி அகலமுள்ள சின்ன ரயில் பாதை. அதன் கடைசி நிலையம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கீழே? கம்பிவடம்தான். கோபுரம் கோபுரமாக நிறுத்தி, நடுவே ஒரு நிலையம் வைத்து, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்குக் கோட்டக்குடி வரை இரும்பு வடம் இழுத்துவிட்டார்கள். அந்த நடு நிலையத்தின் பெயரால் இன்றைக்கும் 'சென்ட்ரல்' என்று ஒரு குக்கிராமம் இருக்கிறது. சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் கிளம்பிய தேயிலைப் பெட்டி, சோலைக்காட்டின் தலைமேலாக, அருவிகளைப் பார்த்தபடி, மேகத்தில் முகம் கழுவிக்கொண்டு, ஒய்யாரமாக இறங்கி வரும். அப்பேர்ப்பட்ட பிரயாணம் எந்தப் பூங்காவிலும் கிடைத்ததில்லை. அனுபவித்தவை தேயிலைப் பெட்டிகள். கீழே மலைப்பாதையில் தலைச்சுமையோடு ஏறிய கூலிக்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

கம்பிவடம் இந்தப் பள்ளத்தாக்குக்கு அதற்கு முன்பே பழக்கம். பென்னிகுக் பெரியாறு அணையைக் கட்டி 1895-ல் முடித்தாரே, அந்த வேலைக்கான சாமான்களைக் கூடலூர்ப் பக்கமிருந்து தேக்கடி மேட்டுக்கு ஏற்ற ஒரு கம்பிவடப் பாதை போட்டிருந்தார்கள். மேற்கே ஓடும் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட இடம் இது. தண்ணீரே மலைக்குள் ஏறி இறங்கி வருகிற ஊரில், ஜனங்களுக்கு உல்லாச வண்டி இல்லை என்று குறைப்படுவதா?

சரி, நமது மலை ரயில் என்ன ஆயிற்று? 1924 ஜூலையில் மலையாளக் கரையையே புரட்டிப் போட்ட பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099. 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்னும் சொல்லுவார்கள். மண் சரிந்தது, பாதை போயிற்று. ரயிலை மறுபடி போடவில்லை. வேடிக்கை என்னவென்றால், மதுரையிலிருந்து போடி வரைக்கும் பெரிய ரயில் வந்து சேர்ந்தது 1928-ல். நாலே வருஷம் முந்தியிருந்தால், போடியில் இறங்கி, கோட்டக்குடி போய், கம்பிவடத்தையும் மலை ரயிலையும் பார்க்க ஒரு கூட்டமே கிளம்பியிருக்கும். கம்பெனிக்காரர்களும், மாச் சங்க் முதலாளிகள்போல், தேயிலைக்குப் பதில் மனிதர்களை ஏற்றலாமே என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. தேயிலை மேற்கே கொச்சிப் பக்கம் சாலை வழியாக இறங்கப் பழகிக்கொண்டது. கம்பிவடமும் ஓய்ந்தது. போடி ரயிலுக்கும் சோதனைக்குக் குறைவில்லை: உலக யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், 1950-களில் திரும்பப் போட்டார்கள், அகலப் பாதையாக்க 2010-ல் நிறுத்தினார்கள், 2023 ஜூன் 15-ல்தான் மறுபடியும் போடிக்கு ரயில் வந்தது.

ரயில் வந்ததிலிருந்து, குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு உல்லாசப் பிரயாணிகளுக்காகக் கம்பிவடம் போடவேண்டும் என்ற பேச்சும் பலமாக அடிபடுகிறது. மேலே சொன்னதையெல்லாம் படித்த வாசகர்கள் நானும் அந்தக் கட்சி என்றே நினைப்பார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை.

மலை வேறு, பூங்கா வேறு. 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன இளம் பிள்ளைகள் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் ஊருக்குப் புதியவர்களே அதிகம். வழியும் தெரியாது, காற்றும் தெரியாது. 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டில் திரிகூட மலைக் கம்பிவடத்தில் விபத்து. அந்தரத்தில் தொங்கியவர்களை மீட்க நாற்பது மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். பழனியில் 1966-லிருந்து விஞ்ச்சும் 2004-லிருந்து ரோப் காரும் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். பழனி மலை ஒரு சின்னக் குன்று, சுற்றிலும் ஊர். குரங்கணி மலையில் நடுவழியில் வண்டி நின்றால், கூப்பிட்ட குரலுக்கு யானைதான் வரும்.

இன்னொரு விஷயமும் மனத்தை உறுத்துகிறது. அந்த மலையில் இருக்கும் சிற்றூர்களுக்கு இன்றைக்கும் குதிரை முதுகில்தான் பல சாமான்கள் ஏறுகின்றன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரையேறிப் போகும் படம் பத்திரிகையில் வரும். நூறு வருஷத்துக்கு முன் தேயிலைப் பெட்டிக்குக் கிடைத்த வாகனம் அங்கே வசிக்கும் மனிதனுடைய காப்பிக்கொட்டை மூட்டைக்கு இன்னும் கிடைக்கவில்லை. மலைமேல் கம்பி இழுக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் அந்த மூட்டைக்காக இழுக்கட்டும். கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உல்லாசத்துக்கு வேறு இடம் இருக்கிறது. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை. காமராஜர் 1959 ஜனவரி 21-ல் திறந்து வைத்தார். டிஸ்னிலாந்தின் பெரிய விஸ்தரிப்புக்கு ஐந்து மாதம் மூத்தது நமது அணை! 111 அடி உயரம். 71 அடிக்குத் தண்ணீர் தேக்கலாம். அணைக்குக் கீழே ஆற்றின் இரண்டு பக்கமும் பூங்கா. பொம்மைகளும், நீரூற்றுகளும், குழந்தைகளுக்கு ஒரு சின்ன ரயிலும் அமைத்தார்கள். மதுரை, தேனி ஜில்லாக்களில் பள்ளிக்கூடத்து உல்லாசப் பயணம் என்றால், புளியோதரைப் பொட்டலத்தோடு இங்கேதான் வந்து இறங்குவது வழக்கம். ஆயிரக்கணக்கில் நுழைவுக் கட்டணம் கொடுக்க முடியாத குடும்பங்களின் டிஸ்னிலாந்து இதுதான். சர்க்கார் பூங்காவானபடியால் 'போன வருஷம் இல்லாதது எது?' என்று கேட்டால் மட்டும் பதில் கிடைப்பது கஷ்டம்.

அணையில் மதகுகளைத் திறந்தால், இரண்டு கரைப் பூங்காக்களையும் சேர்க்கும் தாழ்ந்த பாலம் மூழ்கிவிடும். இந்தக் கரையில் நிற்கும் பிள்ளை அந்தக் கரையில் நிற்கும் பொம்மையைப் பார்த்து ஏங்கவேண்டியதுதான். எனக்குத் தோன்றும் புது ராட்டினம் இங்கேதான் பொருந்துகிறது. கரைக்குக் கரை ஒரு சிறிய கம்பிவடம். பெட்டிகள் தேயிலைப் பெட்டி மாதிரியே இருக்கட்டும். மூணாறு, டாப் ஸ்டேஷன், சென்ட்ரல், கோட்டக்குடி என்று பக்கவாட்டில் எழுதட்டும். பாலம் போன்ற உயரம் இருந்தால் போதும். தண்ணீர் வந்தாலும் நனையாது, வண்டி நின்றாலும் ஏணி வைத்து இறக்கலாம். பூங்காவைச் சுற்றி ஒற்றைத் தண்டவாளம் ஒன்று; அதில் பக்கச் சக்கரம் வைத்த வண்டி; இழுக்க எங்கள் ஊர் மலைமாடுகள் ஒரு ஜோடி. கட்டணம் டவுன் பஸ் டிக்கெட்டுக்கு மேல் போகக்கூடாது.

ஒன்றுமட்டும் கண்டிப்பாக வேண்டும். ஆமதாபாத்தில் கங்காரியா ஏரிப் பூங்காவில், அதுவும் மாநகராட்சிக்குச் சொந்தமான பொதுப் பூங்காதான், 2019 ஜூலையில் ஓர் ஊசல் ராட்டினம் முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஏறியபின் வயிற்றில் 'ஜிவ்' என்று ஒரு பயம் வருகிறதே, அது ராட்டினம் விலைக்கு விற்கிற சரக்கு. இருக்கை நம்மோடு சேர்ந்து கீழே இறங்கும்போது, நம்மைத் தாங்கும் பலம் குறைவதால் வருவது அது. தண்டவாளத்தை விட்டு வண்டி எழும்பாமல் இருக்க, தண்டவாளத்துக்கு அடியிலும் பிடித்துக்கொள்ளும் சக்கரத்தை மில்லர் என்ற அமெரிக்கர் 1919-ல் பதிவு செய்தார். பிற்காலத்து வேகமெல்லாம் அந்தச் சக்கரம் கொடுத்த தைரியத்தில் வந்தது. முதலில் பிடிமானம், அப்புறம் உயரம். வீரபாண்டியில் வருஷா வருஷம் ராட்டினம் போடுகிறவர்களுக்கு இது தெரியும். ராத்திரி கூட்டம் கலைந்த பிறகு டார்ச் விளக்கோடு போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். சர்க்கார் பூங்காவில் அந்த டார்ச் விளக்கைப் பிடிக்கப்போவது யார், எத்தனை மணிக்கு, எந்தக் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு என்பது முடிவான பிறகு கம்பியை இழுத்தால் போதும்.

டிஸ்னிலாந்துக் கம்பிவடத்தை 1994 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். செயற்கை மலையில் அது நுழைந்து வெளியேறிய துளைகளையும் பிறகு அடைத்துவிட்டார்கள். டாப் ஸ்டேஷனில் நமது கம்பிவட நிலையத்தின் இடிபாடுகள் இன்னும் கிடக்கின்றன. மேகம் விலகிய காலை நேரத்தில் அந்த விளிம்பில் நின்றால், கீழே கோட்டக்குடி ஓடையும், அதற்கப்பால் போடியும், இன்னும் தள்ளித் தென்னந்தோப்புகளும் தெரியும். வடம் போன திசையில் பார்வை தானாகவே இறங்கும்.